செம்பும் களிம்பும்: தென்னார்க்காட்டு மண்ணில் உலோகம் காத்த வரலாறு

கடலூரிலிருந்து விழுப்புரத்துக்குச் செல்லும் ரயில் பாதையில், நெல்லிக்குப்பத்தைக் கடந்து பண்ருட்டியை எட்டுவதற்கு முன்னால், திருத்துறையூர் என்னும் சிற்றூர் வருகிறது. சைவ சித்தாந்த சாஸ்திரங்களுள் தலைசிறந்தவற்றில் ஒன்றாகப் போற்றப்படும் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார் வாழ்ந்த ஊர் அது. அவருக்கு ஞானாசிரியராக விளங்கிய மெய்கண்டதேவரின் திருவெண்ணெய்நல்லூரும் அங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை. ஏறக்குறைய 700 ஆண்டுகளுக்கு முன் இந்தப் பெண்ணையாற்றுப் பிரதேசத்தில் தழைத்த அந்தத் தரிசனம், ஆன்மாவை அநாதியாகவே பற்றியிருக்கும் ஆணவ மலத்தின் இயல்பை மாணாக்கனுக்கு உணர்த்த வேண்டி வந்தபோது, எட்டாத பொருள் எதையும் தேடிப் போகாமல், அடுக்களையில் கிடந்த செம்புப் பாத்திரத்தையும் அதில் பூத்த களிம்பையுமே உவமையாக எடுத்துக்கொண்டது. செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு. புளியிட்டுத் துலக்கினால் மறைந்தாற்போலத் தோன்றிச் சில நாளில் மறுபடியும் தலைகாட்டும். ரசகுளிகை ஒன்றே அதை அடியோடு போக்கவல்லது என்பது அவ்வுவமையின் சாரம்.

இதன் சமயப் பொருளை விசாரிப்பது இங்கே என் நோக்கம் அன்று. அந்த உவமைக்கு அடிநிலமாக நின்ற லௌகிக அனுபவமே என்னைக் கவர்வது. உலோகம் தன் சுபாவத்தாலேயே கெடத் தலைப்படும் பொருள் என்பதையும், அதைக் கெடாமல் வைத்திருப்பது என்றைக்கும் முடிந்துபோகாத ஒரு நித்திய கர்மம் என்பதையும், கிணற்றடியில் சாம்பலும் புளியும் கொண்டு பாத்திரம் துலக்கிய எத்தனையோ தலைமுறைப் பெண்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அவர்கள் அறிவின் மீதுதான் ஆசாரியர்கள் தங்கள் உவமையை நிறுத்தினார்கள். உலோகத்தை உருக்கியவர்களையும் வார்த்தவர்களையும் சரித்திரம் ஓரளவு எழுதி வைத்திருக்கிறது; வார்த்ததைக் காத்தவர்களைப் பற்றி அது எழுதியது மிகச் சொற்பம். இரும்பு உருக்கப் புகுந்த பரங்கிப்பேட்டையும், கரும்பு பிழியும் நெல்லிக்குப்பமும், பழுப்பு நிலக்கரி வெட்டும் நெய்வேலியும் ஒருங்கே அமைந்த பழைய தென்னார்க்காட்டிலிருந்து அந்தக் குறையைச் சிறிதேனும் நிரப்ப முயல்வது பொருத்தமாகும் என்று கருதுகிறேன்.

முதலில், உலோகம் ஏன் கெடுகிறது என்பதைப் பார்ப்போம். பொன்னைப் போன்ற சில உலோகங்கள் நீங்கலாக, மற்றவை பூமியில் தனித்த நிலையில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பிராணவாயுவோடும் கந்தகத்தோடும் கலந்து தாதுவாகவே கிடக்கின்றன. கரியும் நெருப்பும் கொண்டு அந்தப் பந்தத்தை அறுத்து உலோகத்தைப் பிரிக்கும்போது, நாம் செலவிடும் சக்தியில் ஒரு பகுதி அதனுள்ளேயே தங்கிவிடுகிறது. அவ்வாறு சக்தியேற்றப்பட்ட இரும்பு, ஈரமும் காற்றும் கிடைத்த மாத்திரத்தில் அந்தச் சக்தியை விட்டுவிட்டுத் தன் பழைய தாது நிலைக்குத் திரும்பிவிட விழைகிறது. செந்நிறத் துருவும் மலையில் கிடக்கும் இரும்புத் தாதுவும் ரசாயன இயல்பில் நெருங்கிய உறவினர் என்பது இதனால் விளங்கும். கெடும் இயல்பு உலோகத்தோடு உடன்பிறந்ததே என்ற அளவில் சித்தாந்திகளின் நோக்கும் இன்றைய விஞ்ஞானத்தின் நோக்கும் ஒரே திசையில் செல்கின்றன. அதற்கு மேல் சென்று, நம் ஆசாரியர்கள் மின்வேதியியலை முன்பே கண்டிருந்தார்கள் என்று பெருமை பேசுவது அவர்களுக்கும் நியாயம் செய்வதாகாது, விஞ்ஞானத்துக்கும் நியாயம் செய்வதாகாது.

இந்த இயல்பை அறிந்து அதற்கு மாற்றுத் தேடியவர்களில், நம் ஊர்களில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர்கள் ஈயம் பூசும் தொழிலாளர்கள். வீதியில் ‘ஈயம் பூசறது’ என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவதும், மரத்தடியில் சிறு குழி பறித்துத் துருத்தி வைத்துக் கரி மூட்டுவதும், வீடுகளிலிருந்து பித்தளைத் தவலைகளும் குண்டான்களும் செப்பு அண்டாக்களும் வந்து குவிவதும் ஒரு காலத்தில் எந்த ஊருக்கும் சாதாரணக் காட்சி. பாத்திரத்தின் உட்புறத்தை மணலும் புளியும் இட்டுத் தேய்த்துக் களிம்பை நீக்கி, நெருப்பின் மேல் கவிழ்த்தும் புரட்டியும் சூடேற்றி, பதமறிந்து நவச்சாரப் பொடியைத் தூவுவார்கள். வெண்புகை குபீரென்று எழும். அந்தக் கணத்தில் வெள்ளீயக் கட்டியைச் சுடுகின்ற பரப்பில் இழைத்து, பஞ்சால் நாலு வீச்சு வீசித் துடைத்தால், கறுத்துக் கிடந்த பாத்திரம் நிலவு போல் வெளுத்துவிடும். நவச்சாரம் சூட்டில் பிரிந்து வெளிவிடும் அமில ஆவி, உலோகத்தின் மேல் படிந்துள்ள மெல்லிய ஆக்ஸைடுப் படலத்தைக் கரைத்துத் தூய்மையாக்குவதால்தான் உருகிய ஈயம் அதனோடு இறுகப் பற்றுகிறது என்பது ரசாயன நூல் தரும் விளக்கம். நூல் வாசித்திராத அந்தத் தொழிலாளர், புகையின் நிறத்தையும் உலோகத்தின் சாயலையும் கண்ணால் அளந்தே அந்த உஷ்ணத்தைச் சரியாகப் பிடித்தார்கள். சற்றே கூடினால் ஈயம் கருகும், குறைந்தால் ஒட்டாது. அளவுகருவி எதுவும் இன்றி இத்தனை நுட்பத்தைக் கையில் வைத்திருந்தவர்களைச் சில்லறைத் தொழிலாளர் என்று நாம் ஒதுக்கியது பெரும் பிழை என்பதே என் எண்ணம்.

அவர்கள் தொழில் இல்லையேல் நம் சமையலே இல்லை எனலாம். புளிக்குழம்பும் ரசமும் மோரும் அமிலத்தன்மை உடையவை. பூச்சில்லாத செம்பிலோ பித்தளையிலோ அவற்றை வைத்தால் செம்பு கரைந்து உணவில் கலந்து, நாவுக்குக் கைப்பையும் உடலுக்குத் தீங்கையும் விளைக்கும். ஈயம் பூசிய பாத்திரத்தில் அந்த அபாயம் இல்லை. ஆயினும் இதே வெள்ளீயத்தை இரும்பின் மேல் பூசினால் நடப்பது வேறு. தகர டப்பாவில் ஒரு கீறல் விழுந்தால், கீறல் விழுந்த இடத்தில் இரும்பு முன்னிலும் விரைவாகத் துருவேறுகிறது. மாறாகத் துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தாலோ, துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காத்துக்கொண்டே இருக்கிறது. பிரான்ஸ் தேசத்து ஸோரெல் என்பவர் இரும்பை உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுக்கும் முறைக்கு 1837-ல் உரிமை பெற்றார். நம் கிணற்றடிகளை நிறைத்த வாளிகளும், ஓலைக் கூரையின் இடத்தைப் பிடித்த தகட்டுக் கூரைகளும் அம்முறையின் வழிவந்தவை. ஒரு பூச்சு காக்கிறது, இன்னொரு பூச்சு கைவிடுகிறது. இந்த வேற்றுமைக்குக் காரணம் என்ன என்ற வினாவே அரிமான சாஸ்திரத்தின் வாசல்.

அந்த வாசலைத் திறந்தவை கடற்படைக் கப்பல்கள். மரக்கப்பல்களைத் துளைக்கும் புழுவிலிருந்து காப்பதற்காக, 1761-ல் ஆங்கிலக் கடற்படையினர் ‘அலார்ம்’ என்னும் கப்பலின் அடிப்பகுதி முழுவதையும் செப்புத் தகட்டால் மூடி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1763-ல் அது திரும்பி வந்தபோது தகடுகள் பல இடங்களில் கழன்று கிடந்தன. தகட்டைப் பிணைத்திருந்த இரும்பாணிகள் கூழாக மாறியிருந்தன. ஆனால் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தின் துண்டு ஆணிக்கும் தகட்டுக்கும் நடுவே தற்செயலாகச் சிக்கிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணி புதிது போல இருந்தது. செம்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடாதவாறு தடுத்த அந்தக் காகிதத்தின் மகிமை அப்போது எவருக்கும் விளங்கவில்லை. இரு வேறு உலோகங்களை ஈரத்தில் சேர்த்து மின்சாரத்தைத் தொடர்ந்து பாயச் செய்யும் அடுக்குக் கலத்தை வோல்ட்டா வெளியிட்டதே 1800-ல்தான்.

அதன் பின் சர் ஹம்ப்ரி டேவி 1824-ல் அந்த அறிவைத் தலைகீழாகத் திருப்பினார். செம்போடு சேர்ந்த இரும்பு அழியுமானால், செம்பைக் காப்பதற்கென்றே ஓர் இரும்புத் துண்டைப் பலியாக வைக்கலாம் அன்றோ? இந்த யோசனையைப் பரீட்சிக்கக் கிடைத்த கப்பல்களுள் ‘சமராங்’ முக்கியமானது. அது நம் நாட்டில், கொச்சியில், தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1822-ல் நீரில் இறங்கியது. அதன் செப்புத் தகடுகளின் மேல் வார்ப்பிரும்புப் பாளங்களைப் பொருத்திக் கடலுக்கு அனுப்பினார்கள். செம்பு அரிமானமின்றித் திரும்பியது. ஆனால் செம்பு சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருந்த வரையில் அதன் விஷத்துக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த பாசியும் சிப்பியும், கரைவது நின்றதும் அடிப்பாகம் முழுவதும் அப்பிக்கொண்டன. கப்பலின் வேகம் குன்றியது. கடற்படையும் அம்முறையைக் கைவிட்டது. விஞ்ஞானம் சரியாக இருந்தும் காரியம் தோற்ற இந்தச் சம்பவத்தை, மின்வேதியியல் பயிலும் ஒவ்வொரு மாணவனும் பாடத்தின் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும் என்பேன். டேவியின் ‘பலி கொடுக்கும்’ முறை இன்று கடலடிக் குழாய்களையும் துறைமுகத் தூண்களையும் மண்ணில் புதைந்த எண்ணெய்க் குழாய்களையும் காத்து வருகிறது.

டேவியின் சிஷ்யரான மைக்கேல் பாரடே 1834-ல் இந்தச் சாஸ்திரத்துக்குரிய பரிபாஷையை வகுத்தார். கரைசலுக்குள் மின்சாரம் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் வாயிலாக அமையும் உலோகங்கள் மின்வாய்கள். உலோகம் எலக்ட்ரானை இழந்து கரையும் வாய் ஆனோடு, அந்த எலக்ட்ரானை வேறொரு பொருள் வாங்கிக்கொள்ளும் வாய் கேத்தோடு. நடுவில் மின்னூட்டம் பெற்ற அயனிகளைச் சுமந்து நிற்கும் கரைசல் மின்பகுளி. இவை மூன்றும், இரண்டு வாய்களையும் இணைக்கும் உலோகப் பாதையும் சேர்ந்தால் ஒரு மின்கலம் ஆகிவிடும். டார்ச் விளக்கில் இடும் பேட்டரியில் துத்தநாகப் புட்டி கரைவதால் நமக்கு வெளிச்சம் கிடைக்கிறது. துருவேறும் ஆணியிலும் நடப்பது அதே செயல்தான், வெளிச்சம் மட்டும் கிடைப்பதில்லை. எந்த உலோகம் எளிதில் எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கும், எது கொடாது என்பதை மின்னழுத்த வரிசை ஒன்றில் அடுக்கலாம்: மக்னீசியமும் துத்தநாகமும் தாராளமாக விட்டுக்கொடுப்பவை, இரும்பு நடுவிலும், அதற்கும் அப்பால் வெள்ளீயமும் செம்பும், கடைசியில் பொன்னும் நிற்கும். வரிசையில் விலகி நிற்கும் இரண்டு உலோகங்களை ஈரத்தில் சேர்த்து வைத்தால் தாராள குணமுடையது அழிந்து மற்றதைக் காக்கும். தகர டப்பாவுக்கும் வாளிக்கும் உள்ள வேற்றுமை இதனால் தெளிவாகிறது.

ஆனால் ஒற்றை இரும்புத் துண்டு, வேறு உலோகத்தின் சேர்க்கையே இல்லாமல், ஏன் துருவேற வேண்டும்? இதற்கு மிக அழகான விடையைக் கண்டவர் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த யூலிக் இவான்ஸ். தேய்த்து மெருகிட்ட இரும்புத் தகட்டில் ஒரு சொட்டு உப்பு நீரை விட்டு, நிறம் காட்டும் இரண்டு பொருள்களையும் அதில் கலந்தால், சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் மாறும். விளிம்பில் காற்று எளிதில் புகுவதால் அங்கே பிராணவாயு மிகுதி. அது எலக்ட்ரானை வாங்கிக் காரத்தை உண்டாக்குகிறது. காற்று எட்டாத நடுவிலோ இரும்பு கரைகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. காற்று குறைந்த இடமே அழிகிறது என்னும் இந்த வியப்பான விதி, இவான்ஸ் 1920-களில் நிலைநாட்டியது. பெட்டிக்கு அடியிலும், ஆணித் தலையின் கீழும், சேறு படிந்த மூலையிலும் இரும்பு முதலில் ஓட்டையாவதன் காரணத்தை இதுவே சொல்லுகிறது. மழை ஓய்ந்த மறுநாள் வீட்டு இரும்புக் கதவின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்ப்பவர் எவரும் இதைத் தாமே கண்டுகொள்ளலாம்.

இனி நெல்லிக்குப்பத்துக்கு வருவோம். 1788-ல் சென்னையில் தாமஸ் பாரி தொடங்கிய வர்த்தக நிறுவனத்தின் வழியில், இவ்வூரில் 1842-ல் சர்க்கரை ஆலை ஏற்பட்டது. நாட்டிலேயே மிகப் பழமையான சர்க்கரை ஆலைகளுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. சர்க்கரை இனிப்புப் பொருளாயினும் கரும்புச் சாறு அமிலத்தன்மை கொண்டது; கொதிக்கும் அமிலமும் காற்றும் சேர்ந்த இடத்தில் இரும்பு நிலைக்காது. ஆலை வருவதற்கு முன்பே, கரும்புத் தோட்டத்து ஓரத்தில் பெரிய கொப்பரை வைத்து வெல்லம் காய்ச்சிய உழவர்கள் சாற்றில் சிறிது சுண்ணாம்பு கலந்தார்கள். வெல்லம் நன்றாகக் கட்டிக்கொள்வதற்காக அவர்கள் செய்த அச்செயல், அமிலத்தை அடக்கிக் கொப்பரையையும் காத்தது. ஆலையிலும் அதே சுண்ணாம்புதான் முதல் மருந்து. நம் நாட்டு வெள்ளைச் சர்க்கரை ஆலைகள் பலவற்றில், சாற்றை வெளுக்கக் கந்தகத்தை எரித்து அந்த வாயுவைச் செலுத்துவார்கள். அது நீரோடு கலந்து அமிலமாவதால், குழாய்களும் கலங்களும் மறுபடியும் அரிமானத்துக்கு இலக்காகின்றன. கரும்பு நொறுக்கும் உருளைகளிலோ அமிலத்தின் அரிப்போடு நாரும் மணலும் உரசும் தேய்மானமும் சேர்கிறது. உரசலால் மேற்படலம் நீங்கிய உலோகம் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக அமிலத்தைச் சந்திக்க நேரிடுகிறது. அரவைப் பருவம் முடிந்து ஆலை மௌனமாகும் மாதங்களில் தொழிலாளர் செய்யும் வேலையைப் பார்த்தவர்களுக்கே தெரியும், சர்க்கரை ஆலையின் பாதி உழைப்பு உலோகத்தைக் காப்பதில் கழிகிறது என்பது: தேய்ந்த உருளைகளுக்குப் புது மேற்பரப்பு இடுவதும், கொதிகலக் குழாய்களைச் சுரண்டுவதும், தகடுகளைத் தட்டிப் பார்த்து மெலிந்ததை மாற்றுவதும், வர்ணம் பூசுவதும்.

நெல்லிக்குப்பத்தில் ஆலை எழுந்த அக்காலத்தில், தெற்கே வெள்ளாறு கடலோடு கலக்கும் பரங்கிப்பேட்டையில் வேறொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகத்தைத் துறந்த ஜோசியா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-ல் அங்கே இரும்புத் தொழிற்சாலை அமைத்தார். சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து மரக்கரியால் உருக்கினார். இரும்பு நல்ல தரத்தில் வந்தது. ஆனால் காடுகள் அருகிக் கரியின் விலை ஏறிக்கொண்டே போக, நிலக்கரி கொண்டு உருக்கிய ஆங்கில இரும்போடு போட்டியிட இயலாமல் அம்முயற்சி 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மறைந்தது. பழுப்பு நிலக்கரிப் படுகை அதே மாவட்டத்தில் மண்ணுக்கடியில் கிடந்ததை நினைக்கும்போது மனம் வருந்தாமல் இருப்பதில்லை. எஃகில் மாங்கனீஸைச் சேர்க்கும் முறைக்கு ஹீத் 1839-ல் பெற்ற உரிமை ஷெபீல்டு நகரத்து எஃகுத் தொழிலையே மாற்றியது. உலோகத்தை இளகச் செய்த அந்த மாங்கனீஸ், எஃகிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து நுண்துகள்களாக நிற்கையில், பிற்காலத்தில் குழியரிமானம் என்னும் நோய் பல சமயம் தொடங்கும் இடமும் அத்துகள்களே என்று அறியப்பட்டது.

நெய்வேலியின் கதை யாவரும் அறிந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய பொருள் மேலே வந்ததும், அவர் அதை அரசாங்கத்தின் கவனத்துக்குக் கொண்டுவரத் தளராது பாடுபட்டதும், 1956-ல் நிறுவனம் உருவானதும், 1957 மே மாதம் 20-ஆம் தேதி ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்ததும் பலரால் எழுதப்பட்டுள்ளன. சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962-ல் உற்பத்தியைத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-ல் ஓய்வு பெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் அக்கொதிகலங்கள் உழைத்ததற்கு அடிப்படையான ரசாயனத்தைப் பற்றியே நான் சில வார்த்தை சொல்ல விரும்புகிறேன்.

நிலக்கரி எரிந்து நீர் ஆவியாகி விசையாழி சுழல்வதைத்தான் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அந்த நீர் எத்தகைய நீர் என்பதை யாரும் சொல்வதில்லை. அதில் கரைந்திருக்கும் உப்புகளையெல்லாம் நீக்கி, கரைந்துள்ள காற்றைச் சூட்டாலும் ஆவியாலும் விரட்டி, அப்படியும் மிஞ்சிய அற்பப் பிராணவாயுவை ஹைட்ரஸீன் போன்ற ரசாயனத்தால் தீர்த்து, நீரைச் சிறிதே காரத்தன்மையில் நிறுத்திய பின்புதான் கொதிகலத்தில் விட முடியும். பிராணவாயு கலந்த நீர் புகுந்தால் எஃகுக் குழாயில் ஊசிமுனை போன்ற குழிகள் விழுந்து, ஒரு குழி போதும், குழாய் வெடித்துவிடும். நீர் செம்மையாக இருந்தாலோ, சூடான எஃகின் மேல் கருநிறமான ஒரு மெல்லிய ஆக்ஸைடுப் படலம் தானே உண்டாகி, அடியிலுள்ள உலோகத்தை மூடிக் காக்கிறது. அதுவும் ஒருவகைத் துருவே. காக்கும் துருவை வளர்த்து அழிக்கும் துருவை விலக்குவதே கொதிகல நீர் ரசாயனர்களின் அன்றாடப் பணி. நாள் முழுதும் நீரின் மாதிரிகளை எடுத்துச் சோதிக்கும் அவர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படுவதில்லை. புகைபோக்கியின் பக்கமும் இதே கவனம் வேண்டும். கரியிலுள்ள கந்தகம் எரிந்து கிளம்பும் வாயு, ஓர் அளவுக்குக் கீழே குளிர்ந்தால் கந்தகத் திராவகப் பனியாகத் தகடுகளில் படிந்துவிடும். ஆகையால் புகையை முற்றும் குளிரவிடாமல், சிறிது வெப்பத்தை வீணாக்கியாவது வெளியேற்றுகிறார்கள். சுரங்கத்திலோ, கடலூர் மணற்பாறையைக் குடையும் ராட்சதச் சக்கர இயந்திரங்களின் பற்கள் தேய்ந்து பளபளக்க, அந்தப் பளபளப்பின் மேல் ஐப்பசி கார்த்திகை மழை பெய்கிறது. அங்கும் தேய்மானமும் அரிமானமும் கை கோத்தே நடக்கின்றன.

இவற்றையெல்லாம் சாஸ்திர ரீதியாக ஆராயத் தமிழ்நாட்டிலேயே ஒரு பீடம் அமைந்தது நம் பாக்கியம். வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, 1948 ஜூலை 25-ல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். மின்முலாம், பேட்டரி, மின்பகுப்பு என்று பல துறைகளில் அது உழைத்தது. அவற்றுள் அரிமான ஆராய்ச்சிக்கு நான் முதலிடம் தருவேன். மண்டபம் என்னும் கடற்கரை ஊரில் கடற்காற்றுக்கு நேரே உலோகத் தகடுகளை வரிசையாகக் கட்டி வைத்து, மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் எடைபோட்டு, எந்தத் தகடு எவ்வளவு கரைந்தது என்று கணக்கெடுத்தார்கள். நாட்டின் பல பகுதிகளிலும் இவ்வாறு சோதித்து இந்தியாவுக்கு ஓர் அரிமான வரைபடமே தயாரித்தார்கள். சிமெண்டுக்குள் புதையும் கம்பிகள் உப்புக் காற்றில் துருவேறிக் கட்டடத்தைப் பிளக்காமலிருக்க, அவற்றின் மேல் தடுப்பான் கலந்த சிமெண்டுக் குழம்பைப் பூசும் முறையும் அந்நிலையம் தந்தது. ஈயம் பூசுவோர் மரத்தடியில் செய்ததன் வளர்ந்த வடிவம் அது.

மண்டபத்துக்கு எதிரே நிற்கும் பாம்பன் பாலத்தைக் குறிப்பிடாமல் இப்பொருளை விட்டுச் செல்ல முடியாது. உலகிலேயே இரும்பை மிகக் கடுமையாக அரிக்கும் கடற்பகுதிகளில் ஒன்றாகப் பொறியாளர்கள் குறிப்பிடும் அவ்விடத்தில், 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் நின்றது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தபோது பாலத்தின் கர்டர்கள் பல சரிந்தன. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாளில் அது சீர்செய்யப்பட்டது என்று எல்லோரும் பாராட்டுகிறோம், பாராட்டவும் வேண்டும். அதற்கு முன்னும் பின்னும், ஒரு முனையில் வர்ணம் பூசத் தொடங்கி மறுமுனை சேர்வதற்குள் முதல் முனை துருவேறிவிடும் அந்தக் காற்றில், தூரிகையும் சுரண்டும் உளியுமாகத் தொங்கிய தொழிலாளரின் நூறாண்டு உழைப்பு இல்லையேல் சீர்செய்ய அங்கே பாலமே இருந்திராது. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருவேறா எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்ஸேன் என்னும் உயர்ந்த பூச்சும் பயன்பட்டிருக்கின்றன.

பூச்சே இல்லாமல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் உலோகமும் உண்டு. இன்று டெல்லியில் நிற்கும், ஏறக்குறைய 1600 ஆண்டுகளாக வெயிலையும் மழையையும் தாங்கிவந்த இரும்புத் தூணை ஆராய்ந்த கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம், அந்தப் பழைய இரும்பில் மிகுந்திருக்கும் பாஸ்பரஸ் காரணமாக அதன் மேல் காப்புப் படலம் ஒன்று மெல்ல மெல்ல உருவாகி நிலைத்தது என்று விளக்கினார். தஞ்சாவூர்ப் பீரங்கி மேட்டில் வெட்டவெளியில் கிடக்கும், நாயக்கர் காலத்து இரும்பை அடித்து இணைத்துச் செய்த பெரும் பீரங்கியையும் அவர் ஆராய்ந்தார். உலோகம் இவ்வாறு செயலற்று அடங்கி நிற்பதை முதலில் 1836-ல் ஷோன்பைன் விரிவாக ஆராய்ந்தார். இரும்போடு குரோமியத்தைப் போதிய அளவு சேர்த்தால் அந்தக் காப்புப் படலம் கண்ணுக்குப் புலனாகாத மெல்லியதாக, கீறினாலும் உடனே மூடிக்கொள்வதாக அமைகிறது. ஷெபீல்டில் ஹாரி பிரேர்லி 1913-ல் உருவாக்கிய அந்த எஃகுதான் நம் வீடுகளில் எவர்சில்வராக வந்து சேர்ந்தது. 1981-ல் சேலம் உருக்காலையும் துருவேறா எஃகுத் தகடுகளை உருட்டத் தொடங்கியது. எவர்சில்வர் பரவப் பரவ, தவலையும் அண்டாவும் பரணேறின. அவற்றுக்கு ஈயம் பூசியவர்களின் குரலும் வீதிகளில் அருகியது.

அத்தொழிலை அறிந்த முதியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் வட்டாரக் கல்லூரிகளில் ரசாயனம் பயிலும் மாணவர்கள் அவர்களைத் தேடிச் சென்று, உலையின் சூடு எவ்வளவு, நவச்சாரம் எந்தப் பதத்தில் விழுகிறது, பூச்சின் கனம் என்ன, எத்தனை மாதம் தாங்குகிறது என்பவற்றை அளந்து எழுதி வைக்க வேண்டும். அளப்பதற்கு வேண்டிய கருவிகள் கல்லூரிச் சோதனைச்சாலைகளிலேயே கிடைக்கும், ஆராய்ச்சிக்கு வழிகாட்டக் காரைக்குடியும் இருக்கிறது. இதைப் படிப்பவர் வீட்டுப் பரணில் பூச்சு போன பித்தளைப் பாத்திரம் ஒன்று இருக்குமானால், அதைப் பழைய விலைக்குப் போடாமல் அந்த முதியவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.